பொருள்: மாணவி, பழுது: மறதி

அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. வாசலைவிடப் பலகை பெரியது. "இந்தப் பள்ளியில் மதுச் சம்பவம் இல்லாத நாட்கள்" என்று பச்சை எழுத்தில் எழுதி, கீழே நான்கு கொக்கிகளில் நான்கு எண் அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தினமும் காலை மணி அடிக்கும் முன் அட்டையை மாற்றுவதற்கென்றே ஓர் ஆசிரியர் இருந்தார். அவருக்கு வகுப்பு எதுவும் கிடையாது. ஏற்கெனவே தலைக்கு மேல் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். சனி, ஞாயிறு, ஆண்டு விடுமுறை எல்லாமே கணக்கில் சேர்த்தி. பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடத்துக்குள் யாரும் குடிக்கவில்லை என்பதை யாரால் மறுக்க முடியும்?

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்ற செவ்வாய்க்கிழமை அது 1,406 காட்டியது. இந்த மாதிரிப் பலகை அவருக்குப் புதிதில்லை. அவர் வேலைக்குப் போகும் தொழிற்சாலைகளில் "விபத்து இல்லாத நாட்கள்" என்று தொங்கும். ஒருமுறை கையில் மாவுக்கட்டோடு ஓர் ஆள் ஏணியில் ஏறி அந்த எண்ணை மாற்றிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். இருந்தாலும் மனுஷன் அன்றைக்கு நம்பிக்கையோடுதான் உள்ளே போனார். இவ்வளவு பெரிய பலகை வைத்திருக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

விஷயம் அவருடைய மகள். பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய ஃபோன் எண்ணையும் மனசிலேயே வைத்திருந்த பிள்ளை, மூன்று மாதமாக ஒரே கேள்வியைக் காலையில் ஒரு தரமும் சாயங்காலம் ஒரு தரமும் கேட்க ஆரம்பித்தாள். விழுந்து விழுந்து படித்த பாடம் மறுநாள் காலையில் சுத்தமாகத் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. எண்பதுக்குக் குறையாத மார்க் முப்பத்தைந்துக்கு வந்தது. ஃபோன்தான் காரணம் என்று அம்மா அதைப் பிடுங்கி வைத்தாள். தூக்கம் போதவில்லை என்றார் அப்பா. இரண்டு பேருமே தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குட்டு உடைந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தபடியே அம்மா, "நேத்து அத்தை கொண்டுவந்த சட்டையைப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"அத்தை எப்போம்மா வந்தாங்க?"

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. முந்தின நாள் சாயங்காலம் தோழி வீட்டிலிருந்து திரும்பி வந்து, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாய் ஓயாமல் பேசியவள் இவள். சட்டையை வாங்கி அலமாரியில் மாட்டியவளும் இவளே. இப்போது அலமாரியைத் திறந்து அந்தச் சட்டையை முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள்.

அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது. சனிக்கிழமைகளில் வகுப்புத் தோழி வீட்டில் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். மேஜையில் கிளாஸ்களை வரிசையாக நிரப்பி வைத்து, மூச்சு விடாமல் யார் முதலில் காலி செய்கிறார்கள் என்று ஒரு போட்டி. பன்னிரண்டு வாரமாக நடக்கிறது. பெரும்பாலும் இவள்தான் ஜெயிப்பாளாம். மெக்கானிக் கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை பாதியில் இறங்கியது. கோபத்தைவிட அவருக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் திட்டவில்லை.

"இந்த வயசுல மூளை இன்னும் கட்டி முடிக்காத வீடுங்க. புதுசாப் படிக்கறதை வாங்கி உள்ள பத்திரமா வெக்கறதுக்குன்னு அதுல ஓர் இடம் இருக்கு. ஒரே மூச்சுல அவ்வளவு குடிச்சா அந்த இடம் வேலையை நிறுத்திடும். ஆள் நடப்பாங்க, பேசுவாங்க, சிரிப்பாங்க. ஒண்ணும் பதியாது. வாரா வாரம் இப்படியே பண்ணா, குடிக்காத நாள்லயும் அது மந்தமாயிடும்."

"திரும்பி வருமா டாக்டர்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நிறுத்திட்டா நிறையவே வரும். எப்போ, எவ்வளவுன்னு நான் எழுதித் தர முடியாது. அதுவரைக்கும் பாடத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, அலுத்துக்காம திரும்பத் திரும்பச் சொல்லித்தர ஓர் ஆள் வேணும். ஸ்கூல்ல கற்றல் உதவி வகுப்புன்னு இருக்குமே, அதுல சேத்துடுங்க. இல்லாட்டி படிப்பு வரலைன்னு மனசு விட்டுடுவா. மனசு விட்டா திரும்பவும் சனிக்கிழமைக்குப் போயிடுவா."

அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மெக்கானிக் இங்கே வந்து நிற்கிறார்.

முதலில் அவரை நல்வாழ்வு அலுவலரின் அறைக்கு அனுப்பினார்கள். அறையின் பாதியை ஒரு தெர்மோகோல் மூளை அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் அலுவலரம்மா உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

"இதுல காரணங்கிற இடத்துல ஏதாவது ஒண்ணை மட்டும் டிக் பண்ணுங்க."

பதினேழு காரணங்கள் இருந்தன. பார்வைக் குறைவு, காது கேளாமை, எலும்பு முறிவு, குடும்பத்தில் துக்கம், வீட்டில் வெள்ளம் புகுந்தது, பிராணி கடித்தது. மெக்கானிக் மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தார்.

"குடின்னு ஒண்ணு இல்லீங்களே மேடம்."

"இருக்காதுங்க. நம்ம ஸ்கூல்ல குடி கிடையாது. வாசல்ல பாத்தீங்கல்ல?"

"அப்போ இந்த மூளை எதுக்குங்க?"

"அது விழிப்புணர்வுக்கு," என்றார் அவர் பெருமையாக. "குடிச்சா மூளை என்ன ஆகும்னு வருஷத்துல நாப்பது மணி நேரம் சொல்லித்தர்றோம். அதனால யாரும் குடிக்கறதில்லை. யாரும் குடிக்காததால படிவத்துல அந்தக் காரணம் இல்லை. படிவத்துல இல்லாததால அப்படி யாரும் வர்றதும் இல்லை."

"நான் வந்திருக்கேனே மேடம்."

அலுவலரம்மா அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பிராணி கடித்தது என்பதை வேண்டுமானால் பரிசீலிக்கலாம் என்று சொல்லி, தலைமையாசிரியரிடம் அனுப்பிவைத்தார்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். அதாவது, எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையக் கேடயங்கள் இருந்தன. முந்நூறாவது நாள், ஐந்நூறாவது நாள், ஆயிரமாவது நாள் என்று கல்வித் துறை அனுப்பியவை. ஆயிரத்து ஐந்நூறுக்கு இடம் ஒதுக்கி, துடைத்தும் வைத்திருந்தார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. நானும் ஒரு தகப்பன். ஆனா நீங்க ஒரு பிள்ளையைப் பத்திக் கவலைப்படறீங்க. நான் ஆயிரத்து நானூத்தி ஆறு நாளைப் பத்திக் கவலைப்படணும். உங்க பொண்ணுக்கு ஒரு காரணம் எழுதினா, நாளைக்குக் காலையில அந்தப் பலகையில பூஜ்யம் தொங்கும். அதைப் பாத்து மத்தப் பிள்ளைங்க மனசு எவ்வளவு பாடுபடும்? குடிக்காத பிள்ளைங்களுக்கே குடிக்கத் தோணிடாதா?"

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "பொண்ணுக்கு ஒரு வகுப்பு கேட்டேங்க சார். அவ்வளவுதான்."

"தாராளமாத் தர்றேன். மாடிப்படியில விழுந்து தலையில அடின்னு எழுதிக் குடுங்க. இன்னிக்கே சேத்துக்கறேன். போன வருஷம் மட்டும் ஏழு பேர் நம்ம மாடிப்படியில விழுந்திருக்காங்க."

"ஏழு பேரா? படி அவ்வளவு மோசமா சார்?"

"படி பிரமாதமா இருக்கு," என்றார் தலைமையாசிரியர்.

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்தார். அவருடைய கூட்டாளி ஒருவனுக்கு இடது கையில் மூன்று விரல்தான். பிரேக்கில் இருந்த கோளாறைக் கதவுக் கோளாறு என்று யாரோ எழுதிவைத்துவிட்டுப் போனதால் மற்ற இரண்டும் போயின. "காரணத்தைத் தப்பா எழுதினா தப்பான இடத்துல கை வெப்பாங்க சார். இவ தலையைத் தடவிட்டிருப்பீங்க, இவ பாட்டுக்குச் சனிக்கிழமை போயிட்டிருப்பா. நான் அப்படி எழுத மாட்டேன்," என்றார். அப்படியானால் வெளியே உட்கார்ந்து நிதானமாக யோசிக்கும்படி அவர் கேட்டுக்கொள்ளப்பட்டார்.

வெளியே அலுவலகத்தில், சுவரில் ஆணி அடித்து ஒரு தடித்த நோட்டைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். பழுதுப் பதிவேடு. "எந்தப் பழுதையும் இங்கே எழுதவும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கவனிக்கப்படும். பக்கங்களைக் கிழிக்கக் கூடாது. அடித்தல் திருத்தல் கூடாது," என்று அட்டையில் இருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் வந்ததிலிருந்து மெக்கானிக்குக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்வது இதைத்தான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் பதிவேட்டைத் திறப்பார். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவார். எழுதின பழுதால் யாரும் செத்ததில்லை, எழுதாத பழுதால்தான் சாவார்கள் என்பது அவருடைய கட்சி. கை தானாகப் பேனாவை எடுத்தது. கடைசியாக எழுதியிருந்தது "பொருள்: மாடிக் குழாய். பழுது: மூடினாலும் ஒழுகுகிறது." அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் எழுதினார்:

"பொருள்: மாணவி, பதினொன்றாம் வகுப்பு. பழுது: படித்தது மனதில் நிற்பதில்லை. காரணம்: பன்னிரண்டு வாரம், சனிக்கிழமைதோறும், ஒரே மூச்சில் அளவு மீறிக் குடித்தது. தேவை: திரும்பத் திரும்பச் சொல்லித்தர ஒருவர். தெரிவித்தவர்: அப்பா."

பேனாவை மூடும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அடித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பதிவேட்டில் அடிப்பது அவருடைய தொழிலில் பெரிய குற்றம். கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பதிவேட்டில் ஒரு வரி விழுந்தால் அதன் நகல் தானாகவே பள்ளியின் எலக்ட்ரீஷியனுக்குப் போகும். இன்னொரு நகல் துறைக்குப் போகும். எந்த வரியையும் யாரும் படிப்பதில்லை என்பதால் இரண்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. புதன்கிழமை முதல் பாடவேளையில் எலக்ட்ரீஷியன் கருவிப் பெட்டியோடு பதினொன்றாம் வகுப்பு வாசலில் நின்று, "பழுதான மாணவி யாருங்க?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் புத்தகப் பையை வீட்டு வாசலிலேயே எறிந்தாள்.

"ஒழுகற குழாய்க்குக் கீழ என்னை எழுதி வெச்சிருக்கீங்களேப்பா! கிளாஸ்ல எல்லாரும் என்னை ஸ்பேர் பார்ட்னு கூப்பிடறாங்க. நாளைக்கு நான் எப்படிப் போவேன்?"

"அங்க எழுதினது தப்புதான் கண்ணு," என்றார் மெக்கானிக். "எழுதினதுல எதுவும் தப்பு இல்லை."

"என்ன பேச்சுங்க இது?" என்றாள் அம்மா. "ஊரெல்லாம் சிரிக்கட்டும்னா இப்படிப் பண்ணீங்க? விழுந்துட்டான்னே எழுதித் தொலைச்சிருக்கலாம்."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். "அந்த அண்ணன் என்னை வராந்தா பெஞ்சுல உக்கார வெச்சுக் கேட்டாரு. எப்போலேருந்து, எந்த நேரத்துல ஜாஸ்தி, முழுசாப் போயிடுதா, விட்டு விட்டு வருதான்னு. காலையில படிச்சா கொஞ்சம் நிக்குது, சாயங்காலம் படிச்சா நிக்கலைன்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. ஸ்கூல்ல இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேக்கலைப்பா." மெக்கானிக் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எலக்ட்ரீஷியன் பதிவேட்டில் எழுதியிருந்தது இதுதான்: "நேரில் பார்த்தேன். பழுது உண்மை. என்னிடம் இதற்குக் கருவி இல்லை. தகுந்த ஆளை அனுப்பவும்."

வியாழக்கிழமை காலையில் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. வெள்ளிக்கிழமை துறையின் மேற்பார்வையாளர் வருகிறார், அதற்குள் பதிவேட்டில் உள்ள எல்லா வரிகளையும் முடித்தாக வேண்டும், உடனே வரவும். மெக்கானிக் போனபோது தலைமையாசிரியர், நல்வாழ்வு அலுவலர், பதிவேட்டை மடியில் வைத்திருந்த எழுத்தர் அம்மா மூன்று பேரும் துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மகள் நடுவில் நாற்காலியில் இருந்தாள்.

"கடைசிக் கட்டத்துல மூணு விதமாத்தான் எழுதலாம்," என்று எழுத்தர் அம்மா விளக்கினார். "சரிசெய்யப்பட்டது, மாற்றப்பட்டது, கழிக்கப்பட்டது. நாலாவதா ஒண்ணு கிடையாது."

முதலில் சரிசெய்யப்பட்டது என்று எழுதப் பார்த்தார்கள். அதற்கு ஆதாரம் வேண்டும். அலுவலரம்மா பத்து வார்த்தைகளைப் படித்துக் காட்டி, கால் மணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். மகள் நான்கு சொன்னாள். அலுவலரம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்போ நாலு வார்த்தை மட்டும் குடுத்துப் பாப்போம். நூத்துக்கு நூறு வந்துடும்." நான்கு கொடுத்தார்கள். இரண்டுதான் வந்தது. இரண்டு கொடுத்துப் பார்க்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் தலைமையாசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அடுத்தது, மாற்றப்பட்டது. அந்த இடத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து ஞாபக சக்தி உள்ள ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டால் பொருள் மாற்றப்பட்டதாக ஆகாதா என்றார் தலைமையாசிரியர். பழைய பொருளை எங்கே வைப்பது என்று எழுத்தர் அம்மா கேட்டார்.

"அப்போ மிச்சம் ஒண்ணுதான்," என்று தலைமையாசிரியர் குரலைத் தணித்துக்கொண்டு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "கழிக்கப்பட்டது. மாற்றுச் சான்றிதழ் தயாரா இருக்கு. நன்னடத்தைன்னு போட்டுத் தர்றேன். நீங்க நாளைக்கு மேற்பார்வையாளர் முன்னால ஒரு கையெழுத்துப் போட்டா போதும். வேற நல்ல ஸ்கூலாப் பாத்துக்கலாம்."

மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. பன்னிரண்டு வாரம் கிளாஸ் கிளாஸாகக் குடித்தபோது வராத பயம் இப்போது அவளுக்கு வந்துவிட்டது. வருஷத்தின் நடுவில், முப்பத்தைந்து மார்க்கோடு, எந்தப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளும்? மெக்கானிக் பதிவேட்டின் அட்டைக்கு உள்பக்கம் அச்சடித்திருந்த விதிகளை மட்டும் படிக்கக் கேட்டு வாங்கினார். பொடி எழுத்து, அரை மணி நேரம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை பலகை 1,409 காட்டியது. மேற்பார்வையாளருக்காக அரங்கத்தில் "குடியும் மூளையும்" என்ற நாடகம் ஏற்பாடாகியிருந்தது. மூளையில் ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற பகுதி பார்ப்பதற்குக் கடற்குதிரை மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லப்போக, ஓவிய ஆசிரியர் ஆறடி உயரத்துக்கு ஒரு கடற்குதிரை வேஷம் செய்துவிட்டார். அதில் நுழைகிற உயரம் பள்ளியிலேயே மெக்கானிக்கின் மகளுக்குத்தான் இருந்தது. இரண்டு மாதம் முன்னாலேயே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்; இனிமேல் அளவை மாற்ற முடியாது. அவளை அடித்து வீழ்த்துகிற மதுபாட்டிலாக வந்தவள், சனிக்கிழமை வீட்டின் சொந்தக்காரி, அந்தத் தோழியேதான்.

பாட்டில் அடித்தது. கடற்குதிரை விழுந்தது. விழுந்தபடி நான்கு வரி பேச வேண்டும். இரண்டு வரி வந்தது. பிறகு வரவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக், அட்டை மூஞ்சிக்குள் மகளின் கண்கள் இங்கும் அங்கும் அலைவதைப் பார்த்தார். பாட்டில் குனிந்து அடுத்த வரியை மெதுவாக எடுத்துக்கொடுத்தது; அப்படியும் வரவில்லை.

மேற்பார்வையாளர் எழுந்து நின்று கை தட்டினார். "அபாரம்! மறதியை அப்படியே தத்ரூபமா நடிச்சுட்டா இந்தப் பொண்ணு! எத்தனை நாள் ஒத்திகை?"

"பன்னிரண்டு வாரம்," என்று மெக்கானிக் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

சிறந்த நடிப்புக்கான கோப்பையோடு மகள் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்து வரப்பட்டாள். வேஷத்தின் ஜிப் மாட்டிக்கொண்டதால் கடற்குதிரையாகவே வந்தாள். மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"இதென்ன, பொருள் மாணவி?"

"சின்னத் தவறு சார்," என்றார் தலைமையாசிரியர். "ஆதாரமே கிடையாது. நீங்களே கேட்டுப் பாருங்க." பிறகு கடற்குதிரையைப் பார்த்து, "நீ குடிச்சதா உங்கப்பா எழுதியிருக்காரு. எந்தெந்தத் தேதியில?"

"சனிக்கிழமை சார். தேதி தெரியல."

"எவ்வளவு?"

"தெரியல."

"குடிச்ச பிறகு என்ன நடந்தது?"

"ஞாபகம் இல்லை சார்."

"யார் யார் இருந்தாங்க?"

கடற்குதிரையின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே பாட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அதைச் சொல்ல மாட்டேன்," என்றாள் மகள்.

"ஞாபகம் இல்லைன்னு எழுதிக்குங்க," என்று எழுத்தர் அம்மாவிடம் சொல்லிவிட்டு, தலைமையாசிரியர் கைகளை விரித்தார். "பாத்தீங்களா சார்? குடிச்சவளுக்கே ஞாபகம் இல்லாத ஒரு சம்பவத்தை, குடிக்காத நாம எப்படிப் பதிவு பண்றது? நினைவு இருந்தாத்தானே சம்பவம்? எங்க பள்ளியில இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் நினைவோட குடிச்சதில்லை."

"ரொம்பச் சரி," என்றார் மேற்பார்வையாளர். "துறையோட நிலைப்பாடும் அதுதான். பிள்ளைங்க வருவாங்க, போவாங்க. பதிவேடுதான் நிலையா நிக்கணும். கழிச்சுடுங்க."

பேனாவை மெக்கானிக் பக்கம் நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "விதி பதினொண்ணு சார்," என்றார். படித்ததை விடாமல் சொன்னார். "காரணம் உறுதியானாத்தான் பொருளைக் கழிக்கலாம். காரணத்துக்கு ஆதாரம் இல்லைன்னு இப்போ நீங்களே சொல்லிட்டீங்க. காரணம் தெரியாத பொருளைக் கவனிப்புல வெக்கணும். வாரம் ஒரு தடவை பழுதுபார்க்கணும். சரியாகற வரைக்கும் வரியை மூடக் கூடாது. உள் அட்டையில போட்டிருக்கு."

அவரைத் தவிர அறையில் யாரும் அதுவரை உள் அட்டையைப் படித்ததில்லை. மேற்பார்வையாளர் படித்தார். முகம் பிரகாசமாகியது. விதி ஒன்று கிடைத்துவிட்டால் அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

"உண்மைதான்! குடிதான் காரணம்னு நிரூபிச்சா சம்பவப் பதிவேட்டுக்குப் போகும், பலகை பூஜ்யமாகும். நிரூபிக்கலைன்னா பொருளைக் கழிக்க முடியாது. பழுதுபார்த்தே ஆகணும்." தலைமையாசிரியர் மென்று விழுங்கினார். ஒரு பக்கம் பலகை, ஒரு பக்கம் மாணவி. பலகைதான் முக்கியம் என்று முடிவெடுக்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. அப்படித்தான் அந்தப் பெண்ணுக்கு ஒரு வகுப்பு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, மாடியில் மூலை அறை. சொல்லித்தர யாருக்கும் நேரம் இல்லாததால் எண் அட்டையை மாற்றுகிற ஆசிரியரை அனுப்பினார்கள். அவளுக்குத் தண்டனையாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் தினமும் ஒரே காரியத்தை அலுத்துக்கொள்ளாமல் செய்யப் பழகிய மனிதர் அவர்; டாக்டரம்மா கேட்டதும் அப்படிப்பட்ட ஆளைத்தான். ஒரு பத்தியை ஐந்து துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஏழு தரம் சொன்னார். முகம் சுளிக்கவில்லை. மகள் சனிக்கிழமைகளில் அம்மாவோடு கடைக்குப் போனாள், சுவரை வெறித்தாள், எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள், ஆனால் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மாதத்தில் பத்து வார்த்தையில் ஐந்து நின்றது. அப்புறம் மறுபடி நாலு. அப்புறம் ஆறு.

இரண்டு மாதம் ஆனபோது எழுத்தர் அம்மா ஒருநாள் மெக்கானிக்கை ஃபோனில் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "நீங்க ஆரம்பிச்சு வெச்சது எங்க போய் நிக்குதுன்னு வந்து பாருங்க," என்றார். பதிவேட்டில் புதிதாக எட்டு வரிகள் இருந்தன. இரண்டில் "தெரிவித்தவர்: அம்மா." மற்ற ஆறும் பிள்ளைகளின் கோணல் கையெழுத்தில். முதல் வரி பாட்டிலாக நடித்த தோழியுடையது: "பொருள்: நான். பழுது: அதேதான்."

தலைமையாசிரியர் அன்றைக்கே நடவடிக்கை எடுத்தார். பதிவேடு ஆணியிலிருந்து இறக்கப்பட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது. எழுதிவிட்ட எட்டு பேரை விதிப்படி மாடிக்கு அனுப்ப வேண்டியிருந்தது; இனி ஒன்பதாவது யாரும் எழுத முடியாது. வாசலில் முதல் பலகைக்குப் பக்கத்தில் இரண்டாவது பலகை வந்தது: "பழுது இல்லாத நாட்கள்." அதன் பிறகு அந்தப் பள்ளியில் மின்விசிறி நின்றாலும் குழாய் உடைந்தாலும் அதைச் சொல்ல இடமில்லை. எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஆயிரத்து ஐந்நூறாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. மைதானத்தில் பந்தல், நாற்காலிகள், நான்கு திசையிலும் ஒலிபெருக்கி. மூலை அறை மின்விசிறி மூன்று வாரமாகச் சுற்றவில்லை என்று எலக்ட்ரீஷியன் இரகசியமாகச் சொல்லியிருந்ததால், மெக்கானிக் தன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து ஏணியில் நின்றிருந்தார். கீழே ஒன்பது பிள்ளைகள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் ரத்த ஓட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இதயத்திலிருந்து கிளம்பி நுரையீரல் போய்த் திரும்பி வரும் வழியை வரிசையாகச் சொல்லும்படி மெக்கானிக்கின் மகளை எழுப்பினார்.

அவள் எழுந்து நின்றாள். முதல் இடத்தைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கின் கை மேலே அப்படியே நின்றது. ஆறாவது வரை வந்தாள். ஏழாவதில் வாய் திறந்தபடி நின்றது.

ஜன்னல் வழியாகத் தலைமையாசிரியரின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது. "ஆயிரத்து ஐந்நூறு நாட்கள்! இந்தப் பள்ளியில் குடி இல்லை! பழுது இல்லை! மறதி என்ற சொல்லுக்கே இங்கே இடமில்லை என்பதை நான் பெருமையோடு..." கைதட்டல் மாடிவரை வந்து மோதியது. மெக்கானிக் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தார். அன்றைக்கு மேடையில் அட்டைக்குள்ளே அலைந்த மாதிரி அவள் கண்கள் இப்போது அலையவில்லை. நேராக ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் சத்தமாகச் சொன்னாள்: "மறந்துட்டேன் சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

"எனக்கும் சார்," என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

ஆசிரியர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.